ரெண்டு நிமிஷத்துல இறுகிடும்

— சனிக்கிழமை காலையில பல் விளக்கும்போது பல்லு மேல போட்ட கேப்பு கழண்டுச்சுன்னு திங்கக்கிழமை சொன்னீங்க சார். தானாவே கழண்டுச்சா? எதையாவது கடிச்சு, மென்னு, அப்படி ஒண்ணும் இல்லையே?

— விஷயம் என்னன்னா டாக்டரம்மா, வாயைக் கொப்பளிச்சேன். கேப்பு வாஷ்பேசின்ல விழுந்து டிங்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

— அதைத்தான் டாக்டர் நானும் திங்கக்கிழமை தொண்டை கிழியச் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலையில ஒட்டி விட்டீங்க, சனிக்கிழமை காலையில என் வீட்டுக்காரர் கையில வந்துடுச்சு. ரூட் கேனால்னு நாலு தடவை இவரை இந்த நாற்காலில படுக்க வெச்சு, வேர் வரைக்கும் குடைஞ்சு, கடைசில அந்த மூடி ஒரு ராத்திரி தாங்கலைன்னா யாருக்குத்தான் வயிறு எரியாது?

— எரியும்தாம்மா. சார், நல்லா திறங்க. இன்னும். திங்கக்கிழமை ஒட்ட விடாத ஈறு வீக்கம் வத்திடுச்சு. இப்ப சும்மா வெச்சுப் பாக்கறேன், ஒட்டலை. மெதுவா கடிங்க. உயரமா தெரியுதா?

— ங்ங்ஊம்.

— தலையை ஆட்டினா போதும். ம். கேப்புல ஒரு குறையும் இல்ல, கச்சிதமா உக்காருது. உள்ள ஒட்டியிருந்த சிமெண்டைப் பாத்திருந்தா ஏன் கழண்டுச்சுன்னு தெரிஞ்சிருக்கும். நீங்க எதுக்கு சார் அதைக் கழுவி எடுத்துட்டு வந்தீங்க?

— வெறுமன கழுவலை டாக்டர். வெந்நீர்ல ஊறப் போட்டு, பழைய பிரஷ்ஷால தேய் தேய்னு தேச்சு, பளபளன்னு ஆக்கிட்டார். வீட்ல குடிச்ச டம்ளரைக் கழுவ மாட்டார். நானே அசந்துட்டேன்.

— அழுக்கோட குடுக்க வேண்டாமேன்னு பாத்தேன்.

— சரி, கொப்பளிங்க.

— டாக்டரம்மா, உங்க கூடவே நிப்பாங்களே, அந்த சிஸ்டர். இன்னிக்கு எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கறீங்க?

— அக்கா வரலை.

— லீவா?

— திங்கக்கிழமையோட நின்னுட்டாங்க சார். அன்னிக்கு கடைசி பேஷண்ட் போற வரைக்கும் இருந்து, கருவியெல்லாம் கழுவி அடுக்கிட்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கிட்டு, அலமாரி சாவியை என் மேஜை மேல வெச்சுட்டுப் போயிட்டாங்க. பதினோரு வருஷம் இங்க இருந்தவங்க.

— ஐயோ. நான் போட்ட சத்தத்துக்கா டாக்டர்?

— உங்களை ஏன்மா சொல்லணும்.

— இல்ல, ஜாஸ்தியாத்தான் பேசிட்டேன். வெளில அத்தனை பேர் உக்காந்திருக்காங்க, யாரு இந்தச் சிமெண்டைக் கலக்கினதுன்னு கேட்டேன். அக்காதான்னு சொன்னீங்க. உடனே அந்தம்மா பக்கம் திரும்பி, பசை காய்ச்சத் தெரியாதவங்களுக்கு எதுக்கு இந்த வேலைன்னுட்டேன். வீட்டுக்குப் போனப்புறம் அது முள்ளு மாதிரி உறுத்துச்சு. ஆனா ஒண்ணு டாக்டர். திட்டினது நான், அந்தம்மா என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை. உங்களையே பாத்துட்டு நின்னாங்க. அப்புறம் சரிங்க டாக்டர்னு ஒரே ஒரு வார்த்தை.

— ஆமாம்மா. என்னைத்தான் பாத்தாங்க.

— போன் பண்ணிக் கூப்பிட வேண்டியதுதானே டாக்டரம்மா?

— எடுக்க மாட்டேங்கறாங்க. இன்னிக்குக் காலையில ரெண்டு தெரு தள்ளி இருக்கற பல் டாக்டர் கூப்பிட்டார். அக்கா அங்க வேலை கேட்டுப் போயிருக்காங்க. வேலை சுத்தமில்லைன்னு கேள்விப்பட்டேனே, நிஜமான்னு கேக்கறார். அன்னிக்கு வெளில உக்காந்திருந்தவங்கள்ல யாரோ அவர்கிட்ட சொல்லியிருக்காங்க. பேஷண்ட் இருக்கார், அப்புறம் பேசறேன்னு வெச்சுட்டேன். உங்களை அனுப்பிட்டு அவருக்குப் பதில் சொல்லியாகணும். அதான் திரும்பத் திரும்பக் கேக்கறேன் சார். தானாத்தானே கழண்டுச்சு?

— என்னங்க, டாக்டர் கேக்கறாங்கல்ல. சொல்லுங்க.

— அதான் சொன்னேனே.

— இவர் பொய் சொல்ற ஆள் இல்ல டாக்டர். சர்க்கரை வந்து மூணு வருஷம் ஆச்சு. வேண்டாம்னு சொன்ன நாள்லேர்ந்து ஒரு துண்டு இனிப்பை வாயில வெச்சதில்ல. இவருக்காக வீட்ல சர்க்கரை வாங்கறதையே நிறுத்திட்டேன். எனக்கும் வெறும் டீதான், பழகிப் போச்சு. இவ்வளவு கட்டுப்பாடா இருக்கற மனுஷன், ஒரு நாள் பொழுதுக்கு ஒட்டறது எதையும் மெல்லாதீங்கன்னு நீங்க சொன்னதை மீறுவாரா?

— நீ கொஞ்ச நேரம் வெளில உக்காரேன்.

— ஏன்? வெள்ளிக்கிழமை வெளில உக்காந்ததாலதான் உள்ள என்ன நடந்துச்சுன்னே தெரியாமப் போச்சு. யாரு கலக்கினாங்கன்னு உங்களைக் கேட்டா, நான் கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன்ங்கறீங்க.

— ஊசியைப் பாத்தாலே மூடிக்குது, நான் என்ன பண்ணட்டும்? முதல் நாள் ரூட் கேனாலுக்கு வந்தப்ப கை காலெல்லாம் உதறல். அந்த சிஸ்டர்தான் தோளைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஸ்கூல் பஸ் ஓட்டறவர் இப்படி நடுங்கினா குழந்தைங்க கதி என்ன சார்னு சிரிச்சாங்க. அப்புறம்தான் உயிரே வந்துச்சு.

— சார், பல்லைக் காய வைக்கறேன். ரெண்டு பக்கமும் பஞ்சு வைக்கறேன், நாக்கைத் தள்ளி வெச்சுக்கங்க. இப்ப கலக்கப் போறேன். கலந்தா ரெண்டு நிமிஷத்துல இறுகிடும், அதனால யாரும் பேச்சுக் குடுக்காதீங்க. கேப்பை வெச்சதும் பஞ்சைக் கடிச்சுட்டு பத்து நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது.

— கலக்குங்க டாக்டர். நான் கண் கொட்டாமப் பாத்துட்டிருக்கேன்.

— ஹாக்கரம்மா.

— பஞ்சை வெச்சுக்கிட்டுப் பேசாதீங்க சார்.

— பஞ்சை எடுத்துட்டேன் டாக்டரம்மா. அந்தச் சத்தம், கண்ணாடித் தட்டுல தேய்க்கற சத்தம். வெள்ளிக்கிழமையும் தலைக்குப் பின்னால இதேதான் கேட்டுச்சு. நடுவுல போன் கூட அடிச்சுது. கண்ணை மூடினா அன்னிலேர்ந்து எனக்கு இதே சத்தம்தான்.

— வாயைத் திறங்க சார், இறுகிடும்.

— இறுகட்டும். அதை வாயில வெச்சுட்டா நான் பேச மாட்டேன். பத்து நிமிஷம் இல்ல, என்னைக்குமே பேச மாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். விஷயம் என்னன்னா, கேப்பு தானா கழலலை.

— என்னங்க உளர்றீங்க?

— டாஃபி. வெள்ளிக்கிழமை சாயங்கால ட்ரிப்பு. கடைசி ஸ்டாப்புல இறங்கற ஒண்ணாங்கிளாஸ் பொண்ணுக்கு அன்னிக்குப் பிறந்தநாள். பஸ்ல எல்லாருக்கும் குடுத்துச்சு. டிரைவர் மாமா, என் முன்னாடியே சாப்பிடணும்னு படிக்கட்டுல நின்னு அடம். அதோட அம்மா கீழ காத்துக்கிட்டு நிக்கறாங்க. வாயில போட்டுக்கிட்டேன்.

— குழந்தை குடுத்துச்சு, ஒண்ணு சாப்பிட்டீங்க. இதை என்கிட்ட சொல்ல என்ன? கொன்னா போட்டிருப்பேன்?

— குழந்தைக்காகத் தின்னது ஒண்ணு. அது டப்பாவை சீட்டுல வெச்சுட்டு இறங்கிடுச்சு. உள்ள அஞ்சு மிச்சம். வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைச்சுட்டு, ஒண்ணொண்ணா தின்னேன். நாலாவதோட சேந்து கேப்பு வந்துச்சு.

— அதோட நிறுத்தினீங்களா?

— அஞ்சாவதை இந்தப் பக்கம் மாத்தித் தின்னேன்.

— அதான் வெந்நீர்ல ஊறப் போட்டீங்களா.

— உள்ள பூரா பிசுபிசுன்னு இருந்துச்சு. அப்படியே குடுத்தா டாக்டரம்மா ஒரு பார்வையில கண்டுபிடிச்சிருப்பாங்க.

— நான் மூணு வருஷமா வெறும் டீ குடிக்கறேன்.

— தெரியும்.

— எனக்கா சர்க்கரை? எனக்கு ஒண்ணும் இல்லையே. நீங்க பாத்து ஏங்கக் கூடாதுன்னுதானே.

— அது தெரிஞ்சதாலதான் வாய் வரலை. உன்கிட்ட சொன்ன பொய்யை நீ நம்பி இங்க வந்து சண்டை போட்டே. நான் கைக்குட்டையைக் கன்னத்துல வெச்சுக்கிட்டு, வலிக்கற மாதிரி ஓரமா நின்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். அவ்வளவு பேச்சு வாங்கினப்புறமும் அந்த சிஸ்டர், நம்ம கிளம்பும்போது, படி ஈரமா இருக்கு, பாத்துப் போங்க சார்னாங்க. நான் பண்ணினது பெரிய பாவம்.

— பதினோரு வருஷ வேலை. என் வாய் இருக்கே, அதுக்கு முதல்ல ஒரு கேப்பு போடணும். இனிமே அந்தம்மா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?

— நான் முழிக்கறேன். டாக்டரம்மா, அவங்க விலாசம் குடுங்க, இங்கேர்ந்து நேரா போறேன். கால்ல விழணும்னாலும் விழறேன். அந்த இன்னொரு டாக்டருக்கும் நானே போன்ல சொல்றேன். சிமெண்ட்ல தப்பில்ல, கலக்கினவங்க கையில தப்பில்ல, தப்பெல்லாம் தின்னவன் மேலதான்னு.

— நானும் வரேன். வாய்க்கு வந்தபடி பேசினது நான்தானே. உங்களை வீட்ல வெச்சுக்கறேன், அது தனி. டாக்டர், ஏன் அந்தக் கலக்கற கரண்டியையே பாத்துக்கிட்டு நிக்கறீங்க?

— சிமெண்ட் இறுகிடுச்சும்மா.

— என்னாலதான் வீணாச்சு. இன்னொரு தடவை கலந்துக்கலாம் டாக்டரம்மா.

— வெள்ளிக்கிழமையும் பாதி இறுகிடுச்சு சார். நடுவுல வந்த அந்த போன், எங்க வீட்லேர்ந்து. ஒரு நிமிஷம்னு ஆரம்பிச்ச பேச்சு நீண்டு போச்சு. திரும்பிப் பாத்தா தட்டுல கெட்டியா இருந்துச்சு. புதுசா கலக்கியிருக்கணும். அதையே கேப்புல வெச்சு அழுத்தியாச்சு. திங்கக்கிழமை நீங்க கழண்ட கேப்போட வந்ததும், அதனாலதான் கழண்டுச்சுன்னு நிச்சயமா நினைச்சேன்.

— அப்படியே கெட்டியா இருந்திருந்தாலும் பரவாயில்ல டாக்டரம்மா. கழட்டினது என் டாஃபி. இதை அவங்ககிட்ட சொன்னா அவங்க மனசும் ஆறும். விலாசத்தை மட்டும் சொல்லுங்க.

— விலாசம் தரேன் சார். ஆனா முதல்ல போக வேண்டியது நீங்க இல்ல. வெள்ளிக்கிழமை இந்தத் தட்டுல கலக்கினப்ப, அக்கா இந்த ரூம்லயே இல்ல.