கடத்தூரில் கரண்ட் போன சந்தோஷம்

தருமபுரியிலிருந்து கிளம்பிய பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த ஆராய்ச்சி மாணவி போனில் தன் பேராசிரியரிடம் கத்தினாள்: "சார், கடத்தூர் முழுக்க கரண்ட் போயிடுச்சுங்க! ரொம்ப சந்தோஷமா இருக்குங்க!"

பக்கத்தில் காய்கறிப் பையோடு இருந்த பெண் திரும்பினார். "எங்கூர்ல கரண்ட் போனா உனக்கென்ன கண்ணு சந்தோஷம்?"

"ஐயோ, கம்ப்யூட்டர்ல மட்டுந்தாங்க அக்கா! உங்கூர் கரண்ட் லைன அப்படியே கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்க ஒரு சாஃப்ட்வேர், அதுக்குத் தகவல் போறதுக்கு இன்னொன்னு. ரெண்டையும் சேத்து ஓட்ட ரெண்டு வருசமா போராடறேன். இன்னைக்குத்தான் சேந்து ஓடுச்சு. லைன் அறுந்த உடனே தகவல் போயி, வேற வழியில கரண்ட் தானா வந்துடுச்சுங்க!"

"நெசத்துலயும் அப்படி வருமா?"

"ஒருநாள் வருங்க அக்கா. அதுக்குத்தான் இப்பவே நிறுத்தி நிறுத்திப் பாக்கறேன்."

"நல்லாப் பாரு கண்ணு. நான் மாவு அரைக்கறப்ப மட்டும் நிறுத்திடாத."