மைனஸ் நாற்பது

— ஒன்னைத்தானே அமுக்குனாரு? நேராச் சொல்லுங்க சீனியக்கா. சரக்கு வந்தா ஒன்னு. முதலாளி கம்ப்யூட்டர்ல ஒன்னை அமுக்குனாரா இல்லையா?

— இல்ல தாயி. ரெண்டை அமுக்குனாரு.

— ரெண்டையா? ஸ்கிரீனைப் படிக்காமலா அமுக்குனாரு?

— படிச்சுத்தான். கண்ணாடிய மாட்டிக்கிட்டு, மெட்ராஸ்ல இருந்து இதைப் பாக்க வந்தவுகளுக்குக் கேக்குற மாதிரி இங்கிலீஸுல சத்தமாப் படிச்சாரு. எனக்கு எங்கிட்டுப் புரியுது? ரெண்டை அமுக்குனாரு. நாப்பது கட்டு ரப்பர் உள்ள வந்திருக்குன்னு அடிச்சாரு. மைனஸ் நாப்பதுன்னு வந்து நின்னுச்சு.

— நீங்க என்ன செஞ்சீங்க, பட்டாபி சார்?

— நான் என்ன பண்றது? மெயின் சுவிட்சை அணைச்சுட்டேன். கப்பலூர்ல இது சகஜம், வோல்டேஜ் வரும் போகும்னு சொன்னேன்.

— தலைக்கு மேல ஃபேன் ஓடிக்கிட்டு இருக்கு. வோல்டேஜாம்!

— அதையேதான் அந்த மெட்ராஸ் மனுஷனும் கேட்டான். நீங்க வேற ஏம்மா குத்திக்காட்றேள்?

— நான் இந்த ரூம்ல இருந்திருந்தா நானே பாத்திருப்பேன். "வந்தவாளுக்குக் காபி வாங்கிண்டு வாங்கோ"ன்னு என்னைக் கேன்டீனுக்கு விரட்டுனது யாரு? புரோகிராம்ல பாதி எழுதுனவ தட்டைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கிறேன். உள்ள மைனஸ் ஓடுது.

— அதெல்லாம் அப்பறம் பேசலாம். முதலாளி அவாளை மோல்டிங் ஷெட்டுக்குக் கூட்டிண்டு போயிருக்கார். அங்கேர்ந்து போன் பண்றேன்னார். தப்பு யாரோடதுன்னு அதுக்குள்ள தெரிஞ்சாகணுமாம்.

— யாரோடதோ அவுக இன்னைக்கே வீட்டுக்குக் கெளம்பிறணுமாம் தாயி. எங்காதுபடச் சொன்னாரு.

— கெளம்பச் சொல்லட்டும். மொதல்ல யாருன்னு பாப்போம். சுவிட்சைப் போடுங்க சார்.

— போட்டாச்சு. பிளாப்பி ஏற நாழியாகும். அது ஏர்றதுக்குள்ள நானே சொல்லிடறேன். ஸ்கிரீன் என்னோடது. ஸ்கிரீன் சொன்னதைத்தான் முதலாளி அமுக்கினார். உள்ளே கூட்டறதும் கழிக்கறதும் உங்களோடது. கூட்ட வேண்டியதைக் கழிச்சிருக்கு. லாஜிக் சிம்பிள்.

— லாஜிக்கு! ரெண்டு வாரமா எங்கிட்டப் பேசாம இருந்தீங்களே, அது எந்த லாஜிக்கு சார்?

— நீங்கதான் பேசலை.

— ரெண்டு பேரும்தான் பேசல! ஒரே மேசைக்கு அங்கிட்டும் இங்கிட்டும் உக்காந்துக்கிட்டு, "சீனியம்மா, அவாகிட்டச் சொல்லுங்கோ", "சீனியக்கா, அந்தாளுகிட்டச் சொல்லுங்க". நான் இங்க ஸ்டோர் பாக்க வந்தனா, தபால் குடுக்க வந்தனா?

— சண்டை எதுக்கு வந்துச்சு? அதை நீங்களே சொல்லுங்கக்கா. நாள் பூரா இந்தப் பொட்டி முன்னாடி உக்காரப் போறது நீங்க. சரக்கு காலையில ஒரு லாரி வருது, அம்புட்டுதான். அப்புறம் பொழுது சாயுற மட்டும் ஷெட்டுக்காரன் வந்து கேட்டுக்கிட்டே இருக்கான், நீங்க எடுத்துக் குடுத்துக்கிட்டே இருக்கீங்க. எது அதிகமோ அதுதானே முதல்ல இருக்கணும்? சரக்கு போனா ஒன்னு, வந்தா ரெண்டு. இதுல என்ன குத்தம்?

— வராத சரக்கு எப்படிம்மா போகும்? முதல்ல வரது, அப்பறம் போறது. வந்தா ஒன்னு, போனா ரெண்டு. இன்ஸ்டிட்யூட்ல அப்படித்தான் சொல்லிக் கொடுத்தா.

— இன்ஸ்டிட்யூட்ல சீனியக்கா உக்காந்திருந்தாங்களா?

— ஆரம்பிச்சுட்டீகளா? நீங்க எதைச் சொன்னாலும் நான் அமுக்குறேன் சாமி. ரெண்டு பேரும் ஒரே ஒன்னைச் சொல்லுங்க, போதும்.

— அதான் வந்ததும் சொல்லிட்டேனேக்கா. சரக்கு வந்தா ஒன்னு.

— வந்தா ரெண்டு.

— என்னது?

— என்ன என்னது?

— சார், "வந்தா ரெண்டு" நான் சொல்றது. நீங்க "வந்தா ஒன்னு"ன்னுல்ல சொல்லணும்?

— என்னோடதை நீங்க எதுக்குச் சொல்றேள்?

— அய்யோ, எனக்குத் தலை கிறுகிறுங்குது. பொட்டி முழிச்சிருச்சு, அதையாச்சும் பாருங்க.

— தள்ளுங்க. என்ன போட்டிருக்கு... ஒன்னு, இஷ்யூ. ரெண்டு, ரிசீப்ட். போறது ஒன்னு, வர்றது ரெண்டு. சார், இதை யாரு மாத்துனது?

— நான்தான். நேத்து சாயங்காலம்.

— எதுக்கு?

— நீங்க சொன்னதை யோசிச்சுப் பாத்தேன். சரியாத்தான் பட்டது. அதோட, நீங்க டைப்ரைட்டர் மேல தலையைச் சாய்ச்சுண்டு அழுதேள்னு சீனியம்மா சொன்னா. மனசு கேக்கலை.

— நானா? அழுதேனா? சீனியக்கா!

— நீங்க அழ மாட்டேள்னு எனக்கும் தோணித்து. ஆனாலும்...

— இருங்க சார், இருங்க. நான் நேத்து மத்தியானமே உள்ள இருக்குறதை உங்க பக்கமா மாத்திட்டேன். "சாமி ரெண்டு நாளாச் சோறு திங்கல, மொகம் சுண்டிப் போச்சு"ன்னு இதே அக்காதான் எங்கிட்டச் சொன்னாங்க.

— சோறு திங்கலையா? நேத்து என் டப்பாவும் காலி, கேன்டீன் தயிர்சாதமும் காலி!

— சரி, சொன்னேன். இப்ப என்னங்கிறீக? ஒருத்தராச்சும் எறங்கி வருவீகன்னு பாத்தேன். ரெண்டு பேரும் எறங்குவீகன்னு யாரு கண்டா?

— முன்னாடியும் தலைகீழ். இப்பவும் தலைகீழ். நடுவுல நாம நல்லவங்களாகிட்டோம், அம்புட்டுதான்.

— மாத்தினதும் ஓட்டிப் பாத்தேளோ?

— என் பாதியை ஓட்டிப் பாத்தேன். சரியா இருந்துச்சு.

— என் பாதியும் சரியாத்தான் இருந்தது. மாத்திட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதோ?

— நீங்க சொன்னீங்களா?

— இல்லை.

— விடுங்க. கூட்டல் இருக்குற இடத்துல கழித்தல், கழித்தல் இருக்குற இடத்துல கூட்டல். அவங்க ஷெட்டைச் சுத்தி வர்றதுக்குள்ள சரி பண்ணிருவேன். போன் வந்தா முதலாளிகிட்டச் சொல்லுங்க, உள்ள எழுதுனது மாயக்காள், அவளே சரி பண்றான்னு.

— அது வந்து...

— என்ன வந்து? நேராச் சொல்லுங்க. என் ஆர்டர்ல டைப்பிஸ்ட்டுன்னு போட்டிருக்கு. டெமோவுக்கு முன்னாடியே முதலாளிகிட்டப் பேசி புரோகிராமர்னு மாத்தச் சொல்றேன்னீங்க. பேசுனீங்களா?

— பேசணும்னுதான் இருந்தேன்.

— பேசல.

— "ஏம்ப்பா, எல்லாம் நீ ஒருத்தனே எழுதினியா?"ன்னு அவா எதிர்ல கேட்டுட்டார். ஆமாம் சார்னுட்டேன். வாயில வந்துடுத்து.

— எது அதிகமோ அது முதல்லங்கிறது?

— அதையும் என்னோடதுன்னுதான் சொன்னேன். முதலாளி முதுகுல தட்டிக் கொடுத்தார்.

— அந்நேரம் நான் கேன்டீன்ல டம்ளர் கழுவிக் குடுங்கன்னு கேட்டுக்கிட்டு நின்னேன். சார், செக்கானூரணியில எங்க தெருவுல காலேஜுக்குப் போன முதப் பொம்பளை நான். கம்ப்யூட்டருக்கு எம்மகதான் எழுதுறான்னு எங்கய்யா டீக்கடையில சொன்னா, "டைப் அடிக்குதா?"ன்னு கேக்குறாங்க. அவரு வீட்டுக்கு வந்து எங்கிட்டக் கேக்குறாரு, டைப்பா தாயின்னு. நான் என்ன சொல்ல?

— மாயக்கா தாயி, போன் அடிக்குது.

— நான் எடுக்கறேன். நீங்க பேசப்படாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ஹலோ... சார்... கண்டுபிடிச்சாச்சு சார். வோல்டேஜ் இல்லை, உள்ளேதான். கூட்ட வேண்டியதைக் கழிச்சிருக்கு... சேச்சே, அந்தப் பொண்ணா? அவளை அனுப்பாதேங்கோ சார். இதுக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. அவ வெறும் டைப்பிஸ்ட், அவளுக்கு ஒன்னும் தெரியாது. எழுதினது பூரா நான். தப்பும் என்னோடதுதான்... சரி சார். கிளம்பிடறேன்.

— பேசாம இரு தாயி. பாவம், தன் தலையில போட்டுக்கிட்டாரு. உன் வேலை தங்கிருச்சு.

— வைக்காதீங்க சார், போனை இப்படிக் குடுங்க.

— வேண்டாம்மா. நான்தான் சொல்லிட்டேனே, உங்களுக்கு ஒன்னும் வராது.

— ஒன்னும் வராதுன்னு எனக்குத் தெரியும். குடுங்கங்கிறேன்... ஐயா, வணக்கம். மாயக்காள் பேசுறேன். பட்டாபி சார் சொன்னது பொய். தப்பு என்னோடது, கூட்டுறதும் கழிக்கிறதும் ஒரு வரி விடாம நான் எழுதுனது.