ஒரு சொட்டும் ஒழுகாத வீட்டு வண்டி

அந்த வண்டியின் கூரை இன்னும் ஐந்து மழைக்காலம் தாங்கும், ஐயா. அதற்கு நான் ஜவாப்தாரி. ஆனால் அதைக் கொண்டுபோய் ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் நிறுத்தியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பிசின் சொட்டினால் வார்னிஷ் மங்கிவிடும். முடிந்தால் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதையெல்லாம் நிதானமாகச் சொல்கிறேன். ஏட்டையா எழுதுகிற வேகத்துக்கே பேசுகிறேன்.

என் பெயர் அம்புரோஸ். ராயபுரம். வயது நாற்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை. தண்டையார்பேட்டையில் லாரிக்குப் பாடி கட்டுகிற ஷெட்டில் பதினாறு வருஷமாகப் பெயிண்டர். கோதண்டம் அதே ஷெட்டில் தச்சன். புளியந்தோப்புக்காரன், என்னைவிட நாலு வயது சின்னவன். மரச்சட்டம் போட்டுத் தகடு அடித்து முடிப்பது அவன் வேலை. அதற்குமேல் பள்ளம் தெரியாமல் மக்கு வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, கோடு இழுப்பது என் வேலை. முதலாளி எங்கள் பெயரைச் சேர்த்தேதான் சொல்வார். ‘அம்புரோஸ் கோதண்டம்’ என்று ஒரே ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு ரெட்ஹில்ஸிலிருந்து ஒரு லாரிக்காரர் தேடி வந்ததுண்டு. அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது.

நாற்பத்தைந்தில் சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டார்கள் அல்லவா, அப்போது ஒரு பழைய ஆம்புலன்ஸ் வண்டியை நாங்கள் இரண்டு பேரும் கூட்டாக எடுத்தோம். அதை ஒரு வீடாக்குவது என்று யோசனை. உள்ளே இரண்டு பலகைப் படுக்கை, அடுப்பு மேடை, என் பெயிண்ட் டப்பாக்களுக்கு ஓர் அலமாரி. சந்தை, திருவிழா, அணைக்கட்டு வேலை என்று ஊர் ஊராகப் போய் லாரி ரிப்பேர் செய்து பிழைப்போம், வீடும் கூடவே வரும் என்பான் கோதண்டம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் நேராக ஷெட்டுக்கு வந்துவிடுவேன். இரண்டு பேரும் சாயந்திரம் வரை அந்த வண்டியோடுதான் கிடப்போம்.

அதன் கூரையில் கோதண்டம் நாலு காற்றுத் துளை வைத்தான். ஒவ்வொன்றுக்கும் மேலே தகரக் குடை, கீழே கம்பி வலை. பின்கதவின் அடியிலும் சாய்வுச் சட்டங்கள் வைத்து இரண்டு காற்று வழி. இதற்கு ஒரு காரணம் உண்டு. சண்டைக் காலத்தில் பக்கத்துக் கிடங்கின் காவல்காரர், மார்கழிக் குளிருக்கு லாரிக் கேபினின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கரிச்சட்டியோடு படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. காலையில் அவரைத் தூக்கி வெளியே கிடத்தியது நானும் கோதண்டமும்தான். முகம் சிவந்து, இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். மூடிய இடத்தில் கரி நெருப்பு வைத்தால் அந்தக் காற்றே விஷமாகும், வாடைகூடத் தெரியாது என்று டாக்டர் சொன்னார். அதைக் கோதண்டம் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

நாற்பத்தொன்பதில் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் திருவொற்றியூர், பெயர் கன்னியம்மா. பெண் பார்க்க என்னையும் கூட்டிப்போனான். நல்ல பெண், முடித்துவிடு என்று முதலில் சொன்னவன் நான். இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள் ஏட்டையா. எனக்குப் பொறாமை கிடையாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஷெட்டுக்கு வருவது நின்றது. சினிமா என்பான், மாமியார் வீடு என்பான். நான் பாட்டுக்கு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு வீட்டுக்குப் போவேன். முதலாளிக்கு ஷெட்டில் இடம் வேண்டியிருந்ததால் வண்டியை எர்ணாவூர் மணலில் கொண்டுபோய் நிறுத்தினோம். இரண்டு மழைக்காலம் அது அங்கேயே நனைந்தது. கன்னியம்மா என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். மீன் குழம்பு வைத்தால் எனக்கு ஒரு தூக்குச்சட்டியில் தனியாக வரும். நல்ல கைப்பக்குவம். நான் அதை நாய்க்கு ஊற்றிவிட்டு, சட்டியைச் சுத்தமாகக் கழுவிக் கோதண்டத்திடம் திருப்பிக் கொடுப்பேன்.

இந்த வருஷம் ஆடி மாதம் அவன் ஓடி வந்தான்.

“மாமு, அணைக்கட்டு கன்ட்ராக்டரு ஆள் வுட்டுக்கீறாரு. தை மாசம் அங்க இருக்கணுமாம். நம்ம வண்டிய ரெடி பண்ணிடலாமா?”

எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்தப் பக்கத்துப் பலகை எனக்கு என்று கேட்டேன்.

“ஒனக்கா?” என்றான். பிறகு என் தோளில் கை போட்டான். “கன்னிம்மாவையும் இட்டுகினு போறேன் மாமு. கொயந்த வேற பொறக்கப் போவுது. எடம் ஏது? நீ அப்பால வா. அங்க போயி ஒனக்கு ஒரு வேல பாத்துகினு லெட்டர் போடறேன்.”

நான் சண்டை போடவில்லை. வண்டியில் என் பாதியைக் குழந்தைக்குச் சீராக வைத்துக்கொள் என்றேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் என்னை அப்படிக் கட்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

வண்டியை ஷெட்டுக்கு இழுத்து வந்து பிரித்தோம். ஓரத்துப் பீடிங் பட்டையைக் கழற்றி அலுமினியத் தகட்டை எடுத்தால் உள்ளே தேக்குச் சட்டம் விரலால் அமுக்கினாலே உதிர்கிறது. உள்ளே ஈரம் தெரிந்தது என்னவோ தரை மூலையில்தான். ஆனால் தண்ணீர் இறங்கியது கூரையில், அந்தக் காற்றுத் துளைகளின் விளிம்பில். அங்கே நுழைந்து, கூரைச் சட்டம் வழியாகவே நடந்து, மூலைக் கம்பம் இறங்கித் தரைப்பலகையைத் தின்றிருந்தது. கோதண்டம் அழுகினதையெல்லாம் வெட்டி எடுத்துப் புதுத் தேக்கு கோத்தான். நான் சபேதா வெள்ளைப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசி, அதன்மேல் புதுக் கித்தானை இழுத்துக் கூரைக்குப் போர்த்தினேன். ஜன்னல் விளிம்புக்கெல்லாம் சைக்கிள் டியூபை வெட்டிப் பட்டை கொடுத்தேன்.

“ஒரு சொட்டு உள்ள வரக்கூடாது மாமு,” என்று அவனே சொன்னான். “பச்சக் கொயந்த இருக்கப் போற எடம்.”

அந்த வேலை நடக்கும்போது ஒரு நாள் கன்னியம்மா ஷெட்டுக்கு வந்தாள். நிறைமாதம். வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இந்த அலமாரிய எட்த்துட்டா கொயந்தைக்கு ஒரு தொட்டில் கட்டிக்கலாம்ல?” என்று என்னைத்தான் கேட்டாள். அது என் பெயிண்ட் அலமாரி. நான் வாயைத் திறப்பதற்குள் கோதண்டம் உளியை வைத்துப் பெயர்த்துவிட்டான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, ஐயா. இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர்கள் சேர்ந்து சிரித்த சத்தம் காதிலேயே இருந்தது. ஆனால் அதைப் பொறாமை என்று எழுதாதீர்கள். என் சாமானை என் கண் முன்னால் எடுத்து வெளியே வைத்தால் யாருக்கும் எரியும்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம். தச்சன் வேலை முடிந்து வண்டி பெயிண்டர் கைக்கு வந்துவிட்டால் நாலு பக்கமும் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டுத் தரையில் தண்ணீர் தெளித்துவிடுவோம். தூசி ஒன்று படிந்தாலும் பளபளப்பு போய்விடும். பெயிண்டர் சாக்கை அவிழ்க்கிற வரைக்கும் முதலாளிகூட உள்ளே வரமாட்டார். பதினாறு வருஷத்தில் கோதண்டம் ஒரு தடவைகூட அந்தச் சாக்கைத் தூக்கியதில்லை. புரட்டாசியில் பதினோரு நாள் நான் உள்ளே இருந்தேன். தினமும் வெளியே நின்று கேட்பான்.

“மாமு, வரலாமா?”

“வாணாம்டா. தூசி.”

“சரி, நீ சொன்னா சரி.”

அந்தப் பதினோரு நாளில் செய்ததைச் சொல்கிறேன். கூரைத் துளை நாலிலும் குடையைக் கழற்றி, அடியில் ஒரு வட்டத் தகரம் வைத்து, சுற்றிலும் சபேதா பூசி அடைத்தேன். குடையைத் திரும்ப மாட்டினேன். தகரத்தின் உள்பக்கத்துக்குப் பளபளப்பு இல்லாத கறுப்பு அடித்தேன். கீழேயிருந்து வலை வழியாகப் பார்த்தால் துளை இருட்டாகத் தெரியும், அவ்வளவுதான். பின்கதவுச் சட்டங்கள்தான் கொஞ்சம் கஷ்டம். இடுக்குகளை மக்கு வைத்து நிரப்பி, தேய்த்துச் சமமாக்கி, பச்சை அடித்து, அதன்மேல் கோட்டுப் பிரஷ்ஷால் ஒவ்வொரு சட்டத்தின் நிழலையும் வரைந்தேன். மேல் விளிம்புக்கு வெளிர்பச்சை, இடுக்குக்குக் கறுப்பு. இரண்டடி தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே சந்தேகம் வந்தது. தடவிப் பார்த்தால்தான் தெரியும். புதுப் பெயிண்டை எங்கள் தொழிலில் யாரும் தடவ மாட்டார்கள்.

தண்ணீர் எந்த வழியாக வந்ததோ அந்த வழியை அடைத்தேன். வேலை என்று பார்த்தால் அதில் குறை சொல்ல முடியாது.

ஐப்பசி முதல் வாரம் சாக்கை அவிழ்த்தேன். முழுப் பச்சை, நடுவில் சந்தன நிறத்தில் ஒரே கோடு. ஷெட்டே கூடி நின்று பார்த்தது. கோதண்டம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தான். “கண்ணாடி மாரி கீது மாமு,” என்றான். தொடவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, திருவொற்றியூரில் மாமியார் கெங்கம்மா வீட்டுப் பக்கத்து மனையில் வண்டியை நிறுத்தி, அதிலேயே குடித்தனம் வைத்தான். தை வரைக்கும் அங்கேதான் என்றான்.

குழந்தைக்கு அப்போது இரண்டு மாதம். பிள்ளை பெற்றவள் மேல் காற்றுப் படக்கூடாது என்று கெங்கம்மா ஜன்னலைத் திறக்க விடமாட்டாள். செவ்வாயும் வெள்ளியும் தலைக்கு ஊற்றுவாள். பிறகு கன்னியம்மா வண்டிக்குள் கரிச்சட்டியில் சாம்பிராணி போட்டுத் தலை காய வைத்து, அந்தச் சூட்டிலேயே கொஞ்ச நேரம் படுப்பாள். இதெல்லாம் நான் வேவு பார்த்ததில்லை. கோதண்டம் சொன்னதுதான்.

“உள்ளயே கரி போட்டுக்கச் சொல்லிக்கீறேன். மேல நாலு ஓட்ட கீது, கீழ ரெண்டு கீது. இன்னா பயம்?”

முதல் வாரம் மழை இல்லை. கதவு ஒருக்களித்துக் கிடந்ததால் அவளுக்குத் தலைவலி மட்டும் வந்தது. என்ன மாமு செய்யலாம் என்று என்னைக் கேட்டான். பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றேன்.

மறு வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே அடித்துக் கொட்டியது. கரண்ட் இல்லாததால் பகல் பன்னிரண்டு மணிக்கு ஷெட்டை மூடிவிட்டார்கள். கோதண்டம் சைக்கிளை எடுத்தான். மழை விடட்டும், இப்படித் தாழ்வாரத்தில் உட்கார் என்றேன். டீ வாங்கி வந்தேன். பழைய கதையெல்லாம் எடுத்தேன். ரெட்ஹில்ஸ் லாரிக்காரர் கதையைச் சொன்னபோது அவன் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தான். நடுவில் இரண்டு தடவை எழுந்தான். “வூட்ல தேடும் மாமு,” என்றான். இரண்டு தடவையும் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். மூன்று மணி நேரம், ஐயா. இரண்டு வருஷத்தில் அப்படி ஒரு மத்தியானம் எனக்குக் கிடைத்ததில்லை. அவள் அந்நேரம் குளித்துவிட்டுக் கதவைத் தாழிட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

குழந்தை அன்று உள்ளே இல்லை. அழுகிறது என்று கெங்கம்மா தன் வீட்டுக்குத் தூக்கிப் போயிருந்தாள். அதை என் நல்ல குணத்தில் சேர்க்க வேண்டாம். அது என் ஏற்பாடு அல்ல.

போனவன் கதவை உடைத்துத்தான் திறந்தான். மற்றது உங்களுக்குத் தெரியும். நேற்று உங்கள் ஆள் குடையைக் கழற்றித் தகரத்தைக் கண்டுபிடித்ததும், கூரை கட்டினவன் கோதண்டம்தானே என்று அவனைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டீர்கள். அதனால்தான் நானாக வந்தேன். அவனுக்குக் கோட்டுப் பிரஷ் பிடிக்கவே வராது, ஐயா. கதவில் அந்தச் சட்டங்களைப் பாருங்கள். ராயபுரம் முதல் எண்ணூர் வரைக்கும் அப்படி இழுக்க என்னை விட்டால் ஆள் இல்லை. கன்னியம்மாவைக் கொன்றது நான். தனியாகச் செய்தேன். தெரிந்து செய்தேன். அவன் அந்த மத்தியானம் என்னோடு உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். அவனை விட்டுவிடுங்கள்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வராந்தாவில் அவனைப் பார்த்தேன். வந்ததும் நான் ஏட்டையாவிடம் சொன்னதை அவர் அவனுக்குச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. நான் கூப்பிட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியாது, கூச்சப்படுவான், ஷெட்டில் சேர்ந்த நாளிலிருந்தே அப்படித்தான். நீங்கள் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஐயா. இரண்டு வருஷமாக அவன் எனக்குச் செய்ததையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.