மேலே போனால் குளிருமா?

நுழைவுத் தேர்வு எழுதிவிட்டுத் திரும்பும் மகளும், சுரங்கத் தொழிலாளியான அவள் அப்பாவும் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

மகள் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தாள். “நைனா, பரீட்சையில கேட்டாங்களே, ஆகாசத்துல ஓசோன் கீற அடுக்குல மேல போனா சூடாவும்னுதான் போட்டுருக்குது.”

“இன்னாம்மா இது? முப்பது வருஷமா சுரங்கத்துல கேஜ் லிஃப்டுல எறங்கி ஏறிக்கினு கீறேன். கீழ வேவும், மேல வந்தா குளிரும்.”

“அது சுரங்கம். காத்து மண்டலத்துல கொஞ்ச தூரம்தான் குளிரும். அதுக்கு மேல ஓசோன் வெயில வாங்கி சூடாவும்.”

“சரி, நீ இன்னா எழுதின?”

“குளிரும்னு.”

“படிச்சதை வுட்டுட்டு ஏன் அப்டி எழுதின?”

“காலையில நீதானே அடிச்சுச் சொன்ன?”

“ஒரு மார்க்குதானே, வுடு.”

“ஒரு மார்க்குலதான் அக்காவுக்கு சீட்டு போச்சு.”

அவர் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். வீடு போய்ச் சேரும்வரை, என் மகளுக்கு நான் அடித்துச் சொன்னவற்றை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.