ஆறு மணி ஷிஃப்ட்

விடியற்காலை நாலரை மணி. பெங்களூருக்குக் கிழக்கே, ஹொஸ்கோட்டே தாண்டி ஆற்றுப் பக்கம் இறங்கும் மண் ரோடு. விளக்குக் கம்பம் நட்டிருக்கிறார்கள்... விளக்குதான் இல்லை. இரண்டு பக்கமும் ஆள் உயர நாணல். நடுவில் ஒரே ஒரு வேன், இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு போகிறது.

தாரணி, அந்தக் கதவைச் சாத்திவிட்டு வா. இருக்கிற ஒரு மெழுகுவர்த்தியும் அணைந்துவிடப் போகிறது. யுவன், சிரிப்பதென்றால் அடுத்த அறைக்குப் போய்ச் சிரி. இது நான் கட்டிய கதை இல்லை. என்னோடு வேலை பார்க்கிற கிரேஸின் சொந்த அண்ணன் டிரேவருக்கு நடந்தது. போன ஜனவரியில்.

டிரேவர் கோலார் தங்கவயல்காரர். இப்போது விவேக் நகரில் வீடு. ஒரு லேபில் வேலை; ஏரி ஏரியாகப் போய்த் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். தென்பெண்ணையை ஒட்டிய பள்ளத்தில் எல்லாம் ஏரிகள்தானே. ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு வழியும். எல்லாம் நிரம்பினால் ஆறும் ஏரியும் ஒன்றாகிவிடும். ராத்திரியில் தண்ணீரில் ஆக்ஸிஜன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டுமாம். அதனால்தான் அந்த நேரம்.

வண்டி ஓட்டியவர் முனிகிருஷ்ணன். அடுகோடிக்காரர். முன்பு ஏர்போர்ட் டாக்ஸி ஓட்டியவர். வாய் ஓயாமல் பேசுவார். அன்றைக்கு ஒரு வார்த்தை இல்லை. ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"இறங்கலையா முனி?"

"இந்த ஏரி, இந்த கெரே எனக்கு ஆவாது சார். நா ஹெட்லைட் போட்டுக்னு இங்கியே கீறேன். நீங்க பேக, சீக்கிரமா வந்துருங்க."

டிரேவர் மீட்டரையும் பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு, கரையில் கட்டியிருந்த பரிசலில் ஏறினார். ஃபைபர் பரிசல், நாலு பேர் உட்காரலாம். பனி இறங்கியிருந்தது. வேனின் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. துடுப்புச் சத்தம்... சளக், சளக். அதைத் தவிர ஒன்றும் இல்லை. தவளை இல்லை, பறவை இல்லை. ஏரிக்கே உரிய சாக்கடை வீச்சம் மட்டும்.

நடு ஏரியில் துடுப்பை மடியில் வைத்து, மீட்டரின் ஒயரைத் தண்ணீருக்குள் இறக்கினார்.

அப்போது அந்த வாசனை வந்தது. எலுமிச்சைச் சாதம். இப்போதுதான் தாளித்துக் கொட்டின மாதிரி... கடுகு, பெருங்காயம், மஞ்சள். கூடவே லேசாக ஃபினாயில்.

"அண்ணா..."

பக்கத்து நாணல் திட்டின் மேல், அவருடைய நெற்றி டார்ச்சின் வெளிச்சத்தில், ஒரு பெண். முழங்கால் வரை தண்ணீர். சேலைக்கு மேல் நீல கோட்டு, அபார்ட்மெண்ட்களில் பெருக்கித் துடைக்கிறவர்கள் போடுவார்களே, அது. கையில் டிபன் கேரியர்.

"அந்தப் பக்கம் விட்டுருங்கண்ணா. ஆறு மணி ஷிஃப்ட்டு. லேட் ஆயிடுச்சி."

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அந்த இருட்டில், நடு ஏரியில்? டிரேவருக்குப் பயம் பிறகுதான் வந்ததாம். முதலில் தோன்றியது, ஐயோ பாவம், வழி தவறி மாட்டிக்கொண்டாள் என்பதுதான். பரிசலைத் திட்டோரம் ஒட்டிப் பிடித்துக்கொண்டார்.

அவள் ஏறினாள். பரிசல் கொஞ்சம் தாழ்ந்தது.

துடுப்பை எடுத்தார். பரிசல் மறுபடியும் தாழ்ந்தது. இன்னும் கொஞ்சம். அப்புறம் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது, யாரோ விளிம்பில் கால் வைத்து உள்ளே வருகிற மாதிரி. தண்ணீர் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வந்து நின்றது. கால் நீட்ட இடம் இருந்தது. ஆனால் நீட்ட முடியவில்லை.

"எல்லாரும் ஏறியாச்சு. போலாம்ணா."

டிரேவருடைய அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்துக்குள் இறக்குகிற கூண்டில் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு இறங்கும்போது யாரும் பேசமாட்டார்கள், மூச்சு மட்டும் கேட்கும் என்பாராம். அதே மூச்சைத்தான் டிரேவர் கேட்டார். முன்னால், பின்னால், காதுக்குப் பக்கத்தில். குதித்துவிடலாமா என்று நினைத்தார். நீச்சல் தெரியாது. அருள் நிறைந்த மரியே என்று ஜெபத்தை ஆரம்பித்தார். துடுப்பைப் போட்டார். கல்லை இழுப்பது போல் இருந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. முனிகிருஷ்ணன்.

"சார்... யார் சார் அவங்க எல்லாம்?"

"ஒரு அம்மாதான் முனி."

"இந்தப் பனியிலயும் பளிச்னு தெரியுது, எட்டு பேரு சார். எட்டு பேரு உக்காந்துனு கீறாங்க. எல்லாரும் என்னிய பாக்கறாங்க சார்..."

லைன் போய்விட்டது. அந்தப் பெண் கரையைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாக எல்லாம் சொல்லவில்லையாம், தெரிந்தவரைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"அங்க நிக்கறாரே, அவரு அன்னைக்கும் இந்த வழியாதான் போனாரு."

எதிர்க்கரை என்று ஒன்று அங்கே கிடையாது. ஏரிக்குள்ளேயே இறங்கி நிற்கிற அபார்ட்மெண்ட்டின் பின்பக்கச் சுவர்தான். சுவரடியில் கொட்டிய கருங்கல்லில் பரிசல் முட்டியது. அவள் இறங்கினாள். பரிசல் எழும்பியது. மறுபடி எழும்பியது... எட்டுத் தடவை. ஈரக் கல்லில் காலடிச் சத்தம் சுவர் வரைக்கும் போனது. அந்தச் சுவரில் வாசல் இல்லை. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம்... டிபன் கேரியர் குலுங்குகிற சத்தம்.

டிரேவர் எப்படித் திரும்பி வந்தார் என்பது அவருக்கே நினைவில்லை. முனிகிருஷ்ணன் வேனின் முன்சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். பல் கிட்டித்துப் போயிருந்தது. தண்ணீர் குடிக்க வைத்த பிறகுதான் வாய் திறந்தார்.

"ரெண்டு வருசம் முன்னாடி சார், அந்தப் பெரிய மழ. இதே மாதிரி இருட்டு. கெரே ரொம்பி ரோட்டு மேல ஓடுது. ஹவுஸ்கீப்பிங் லேடீஸ் வந்த வேன் பள்ளத்துல மாட்டிக்கிச்சு. எல்லாரும் வேன் மேல ஏறி நின்னுக்னு செல் லைட்ட ஆட்டறாங்க. என் வண்டில பேசஞ்சர், ஃப்ளைட் போயிரும் போயிரும்னு கத்தறாரு. நா மேட்டு ரோட்ல இருந்தேன்." கொஞ்ச நேரம் அழுதார். "டிக்கில கயிறு இருந்துச்சு சார். நல்ல கயிறு. நா நிக்கல."

"யாருக்காவது போனாவது பண்ணியா?"

"பண்ணல சார். யாராச்சும் பண்ணியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

டிரேவர் மீட்டரையும் பாட்டில்களையும் வேனில் ஏற்றினார். வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். முனிகிருஷ்ணன் கேட்கவில்லை. சுற்றிப் போய் அந்த அபார்ட்மெண்ட்டின் வாசலுக்கே வண்டியை விட்டார். அவர்கள் உள்ளே போனார்களா இல்லையா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

வாட்ச்மேன் ஷங்கர் கேபினுக்கு வெளியே, ரோட்டில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகமாட்டேன் என்றார். வேலைக்காரர்கள் விரல் வைக்கிற மெஷின் தானாகவே கத்தியதாம். பீப்... தேங்க் யூ. பீப்... தேங்க் யூ. முன்னால் ஆள் இல்லை. டிரேவர்தான் உள்ளே போய்த் திரையைப் பார்த்தார். ஐந்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம். முதல் பெயர் தனலக்ஷ்மி. அதன் கீழே ஏழு பெயர்கள். வெள்ளத்தில் போன பிறகு அந்தப் பெயர்களை எடுத்துவிட வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

பின்னாலேயே வந்த முனிகிருஷ்ணன் எட்டுப் பெயரையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். அதுவரை அவருக்கு அவர்கள் பெயர் தெரியாது. அன்றோடு ஸ்டியரிங்கைத் தொடுவதை விட்டுவிட்டார்.

காலை ஷிஃப்ட் மத்தியானம் இரண்டரைக்கு முடியும். டிரேவர் மூன்று மணிக்கு ஷங்கருக்குப் போன் செய்தார். ஐந்து மணிக்குச் செய்தார். ராத்திரியும் செய்தார். ஷங்கர் ஒவ்வொரு தடவையும் மெஷினைப் பார்த்துவிட்டு வந்து ஒரே பதிலைத்தான் சொன்னார்.

எட்டுப் பேரும் உள்ளே வந்ததற்குப் பதிவு இருக்கிறது.

வெளியே போனதற்கு... இன்றுவரை இல்லை.