ஒன்பதாம் படுக்கையின் நாடி

மதிப்பிற்குரிய ஆஷா மேடம் அவர்களுக்கு, இறுதியாண்டு சித்ரகலா எழுதுவது.

மாலை ஆறு மணிக்கு மேல் டீ குடித்தால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் குடிப்பதில்லை. விடுதியில் மற்றவர்கள் குடிக்கிறார்கள், பிறகு தூக்கம் வரவில்லை என்று அழுகிறார்கள், அழுதுவிட்டு மறுபடியும் டீ போடுகிறார்கள். நர்சிங் படிப்பின் வேலைப் பளுவை எப்படிச் சமாளித்தோம் என்று முதலாண்டுப் பெண்களுக்காக ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தீர்கள். மற்றவர்கள் யோகா என்றும் ஜெபம் என்றும் எழுதியிருப்பார்கள். நான் செய்ததை எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது.

காலையில் வகுப்பு. பகல் பன்னிரண்டு மணியிலிருந்து வார்டு. அதற்கப்புறம் ரெக்கார்டு நோட்டு. வார்டில் இருபத்து நாலு படுக்கைக்கு நாங்கள் இரண்டு பேர். நாடியை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது. யாரும் எண்ணுவதில்லை. பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குவோம். அதனால்தான் நம் மருத்துவமனையில் எல்லாருடைய நாடியும் எழுபத்தாறு, எண்பது, எண்பத்து நாலு என்று நாலாம் வாய்பாட்டிலேயே ஓடுகிறது. இத்தனை வருடத்தில் நீங்கள் அதைக் கவனித்ததில்லை.

என் ஜோடி ரோஸ்மேரி மட்டும் முழு நிமிடம் எண்ணுவாள். எண்ணும்போது உதடு அசையும். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம். யார் சொன்னாலும் நம்புவாள், எதற்கும் அழுவாள். நாலு படுக்கை முடிப்பதற்குள் நான் பன்னிரண்டையும் முடித்திருப்பேன். அவள் பின்தங்கினால் ஜோடிக்கும் சேர்த்துத்தான் திட்டு விழும்.

ஆகவே வேலையைப் பிரித்தேன். துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, பெட்பேன் எடுப்பது எல்லாம் அவளுக்கு. இருவருடைய சார்ட்டும் எனக்கு. அவள் எனக்கு நன்றி சொன்னாள். முதல் வாரம் எண்ணித்தான் எழுதினேன். இரண்டாவது வாரத்திலிருந்து எண்ணவில்லை. காலையில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்தால் மற்றதை உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிடலாம். என் நோயாளிகளுக்கு நாலாம் வாய்பாடு. ரோஸ்மேரியின் நோயாளிகளுக்கு எழுபத்தேழு, எண்பத்தொன்று, எழுபத்தொன்பது. அவளைப் போலவே ஏழுக்குக் குறுக்குக் கோடு, கீழே அவளுடைய கையெழுத்து. இரண்டு மாதம் உங்கள் மேஜைக்கு வந்த சார்ட்டுகள் அவை. அவளுடையதில்தான் 'குட்' போட்டிருந்தீர்கள்.

ரோஸ்மேரியின் பங்கிலிருந்த ஒன்பதாம் படுக்கை பழனாயி. பல்லடம் பக்கம் விசைத்தறிக்காரர். காலையில் கர்ப்பப்பை எடுத்த அறுவை முடிந்து வார்டுக்கு வந்திருந்தார். மணிக்கு ஒரு முறை நாடி பார்க்க வேண்டிய நோயாளி. பன்னிரண்டுக்கு எழுபத்தொன்பது, ஒன்றுக்கு எண்பத்தொன்று, இரண்டுக்கு எண்பத்திரண்டு. எல்லாம் நான் நாற்காலியில் இருந்து எழுதியவை.

இரண்டரை மணிக்கு அவர் கணவர் கருப்புசாமி வந்தார். "ஏனுங்க கண்ணு, இவளுக்கு வேர்த்துக் கொட்டுதுங்க. தண்ணி தண்ணிங்கறா."

"ஆபரேசன் பண்ணுனா அப்படித்தானுங்க. போய் உக்காருங்க" என்றேன். போய் உட்கார்ந்துகொண்டார். மறுபேச்சு பேசாத மனிதர்.

ஆனால் ரோஸ்மேரி கேட்டுவிட்டாள். தானாகப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நிலையிலும் பழனாயி அவளைக் கிண்டல் செய்தார். "ஏங்கண்ணு, தறி மேஸ்திரியாட்டம் இத்தன நேரமா எண்ணிக்கிட்டே நிக்கற?"

ரோஸ்மேரி என்னிடம் ஓடிவந்தாள். "சித்ரா, நூத்தி பதினெட்டு இருக்குட்டி. கையெல்லாம் சில்லுன்னு கெடக்கு. டாக்டரக் கூப்புடுவோம்."

எண்பத்திரண்டுக்கு அடுத்த மணியில் நூற்றுப் பதினெட்டு எழுதினால், நடுவில் யார் பார்த்தது என்ற கேள்வி வரும். ஒரு சார்ட்டை இழுத்தால் இரண்டு மாதச் சார்ட்டும் அவிழ்ந்து வரும். நான் எழுந்து போய், பழனாயியின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். திரும்பி வந்து, "எந்த விரல வெச்சு எண்ணுன?" என்று கேட்டேன்.

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

"பெருவிரலா? பெருவிரல்ல உனக்கே நாடி ஓடும், அதான் பாடத்துலயே இருக்குதே. பதறி அடிச்சுட்டுப் போய் உன் நாடியவே எண்ணிட்டு வந்திருக்கற. அந்தம்மாவுக்கு எண்பத்தி மூணு."

"நெசமாவாட்டி?" என்றாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "நல்ல வேள, டாக்டரக் கூப்புட்டிருந்தா அசிங்கமாப் போயிருக்கும்."

மூன்று மணிக்கு எண்பத்து மூன்று என்று எழுதினேன். நாலு மணிக்கு டூட்டி டாக்டர் வந்தார். அவரும் பழனாயியைப் பார்க்கவில்லை, கட்டிலின் காலில் தொங்கிய சார்ட்டைப் பார்த்தார். "ஸ்டேபிள்" என்று சொல்லிவிட்டுப் பத்தாம் படுக்கைக்குப் போனார். ஐந்தரைக்குப் பழனாயி நினைவிழந்தார். வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. தியேட்டர் வாசல் வரைக்கும்தான் உயிர் இருந்தது.

விசாரணையில் சார்ட் ரோஸ்மேரியின் கையெழுத்தில் இருந்தது. என்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று இரண்டு பதில்கள் தயாராக வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. தனக்கு உதவி செய்தவளை இழுத்துவிடக் கூடாது என்று, "நான்தான் எண்ணுனேன், நான்தான் எழுதுனேன்" என்று சொல்லிவிட்டாள். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அவளை நீக்குவதற்கு இருபது நிமிடம் ஆனது.

இப்போது அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். ஒவ்வொரு பீஸையும் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாளாம், சூப்பர்வைசர் திட்டுகிறாராம். அவளை மறுபடி சேர்க்கக் கேட்டு மனுக் கொடுத்திருக்கும் அப்பா ஆரோக்கியராஜ் போன வாரம் விடுதி வாசலில் நின்றார். "எம்புள்ளயப் பத்தி நாலு நல்ல வார்த்த எழுதிக் குடு தாயி, நீ எழுதுனா மேடம் கேப்பாகளாம்" என்றார். விதிமுறையில் இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இந்தக் கடிதம் அதற்காக அல்ல. திங்கட்கிழமை முதலாண்டு வகுப்பில் அந்தச் சார்ட்டைத் திரையில் போட்டீர்கள். பெயரை மறைத்துவிட்டு, "ஒரு மந்தமான பொண்ணு வாய்க்கு வந்த நம்பரை எழுதியிருக்கா பாருங்க" என்றீர்கள். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த எண்களில் ஒன்றுகூட வாய்க்கு வந்தது இல்லை. ரோஸ்மேரிக்கு அப்படி ஒரு சார்ட் எழுத ஏழு பிறவி வேண்டும். உண்மை உரியவர் பெயரில் இருக்க வேண்டும் என்று நினைப்பவள் நான். அதனால் எழுதுகிறேன்.

இன்னொரு திருத்தமும் உண்டு. ரோஸ்மேரி பெருவிரலால் எண்ணவில்லை. இரண்டு விரலை வைத்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே எண்ணினாள். நானும் அன்று அப்படித்தான் எண்ணினேன், முழு நிமிடம். நூற்று இருபத்தொன்று இருந்தது. எண்பத்து மூன்று எழுதினேன்.

பதற்றம் வேண்டாம் என்பதுதான் முதலாண்டுப் பெண்களுக்கு நான் சொல்லக்கூடியது. எழுதி முடித்ததும் என் நாடியையும் பிடித்துப் பார்த்தேன். பதினைந்து நொடிக்குப் பதினெட்டு. நாலால் பெருக்கினால் எழுபத்திரண்டு. எனக்கு முழு நிமிடம் எண்ண வேண்டிய அவசியம் இருக்கவில்லை.