ஸ்கூட்டருக்குக் காய்ச்சல் பார்த்தவள்

இல்ல மெக்கானிக்கண்ணே, பெட்ரோல் இருக்கு. வர்ற வழியெல்லாம் எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க. பொம்பளை வண்டியைத் தள்ளிட்டு வந்தா பெட்ரோல் தீர்ந்துடுச்சுன்னு ஊரே முடிவு பண்ணிடுது. சூடாகி நின்னுடுச்சு. ஒரு மாசமாவே இந்தப் பாடுதான். நீங்க வாயில இருக்கற அந்த ஸ்க்ரூவை எடுக்க வேண்டாம். பதிலெல்லாம் அப்புறம் சொல்லலாம். முழுசாக் கேட்டுடுங்க.

நான் வீடு வீடாப் போய் ரத்தம் எடுக்கறவ. லேப்ல வேலை. காலையில ஜனங்க வெறும் வயித்தோட எனக்காக உட்கார்ந்திருப்பாங்க. பசியில இருக்கறவங்க முன்னாடி ஊசியோட லேட்டாப் போய் நின்னு பார்த்திருக்கீங்களா? பார்த்திருக்க மாட்டீங்க. எடுத்த ரத்தத்தை ஐஸ் பெட்டியில வச்சு நேரத்துக்கு லேப்ல சேர்க்கணும், இல்லைன்னா கெட்டுடும், திரும்பப் போய்க் குத்தணும். இன்னிக்கும் லேட். லேப் மேடம் கத்தவே இல்ல. அதான் பயமா இருக்கு. "நாளைக்கும் இப்படின்னா உன் வீடுங்களை வேற ஆளுக்கு மாத்திடறேன்மா"ன்னு தண்ணி குடிக்கற மாதிரி சொல்லிட்டாங்க.

எல்லாத்துக்கும் காரணம் எங்க வீட்டுக்காரர்தான். நல்லா ஓடிட்டிருந்த வண்டியைப் பார்த்து, "இந்த வெயில்ல ஓட்டறியே, ஒரு நாள் என்ஜின் சூட்டுல இறுகிப்போய் நடுரோட்டுல நிக்கப்போற"ன்னாரு. சொல்லிட்டு அவர் பாட்டுக்குத் தூங்கிட்டாரு. எனக்குத் தூக்கம் போச்சு. காருக்கெல்லாம் சூடு காட்ட முள்ளு இருக்கு, இதுக்கு என்ன இருக்கு? சரி, செலவில்லாம நாமளே பார்ப்போம்னு இறங்கினேன்.

முதல்ல தண்ணி. விரலை நனைச்சு என்ஜின் மேல ஒரு சொட்டு உதறினா, சூடு அதிகமா இருந்தா தோசைக்கல்லுல தெளிச்ச மாதிரி துள்ளும். காசே இல்ல. ஆனா துள்ளுதுன்னா எவ்வளவு சூடுன்னு தெரியாதே. இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தேன், விரலைச் சுட்டுக்கிட்டேன். ஊசி பிடிக்கற விரல்ண்ணே இது.

அப்புறம் லேப்ல நெத்தியில காட்டற துப்பாக்கி இருக்குல்ல, காய்ச்சல் பார்க்கறது, அதைக் கொண்டுவந்து காட்டினேன். கோடு கோடாக் காட்டிட்டு அணைஞ்சு போச்சு. அது மனுஷங்களுக்கான சூட்டுக்குத்தான் தாங்குமாம்.

அப்புறம் ஸ்டிக்கர். வெள்ளைப் பொட்டு மாதிரி. இத்தனை டிகிரியைத் தாண்டினா கறுப்பாயிடும். மலிவுதான், ஆனா ஒரு தடவை கறுத்தா கறுத்ததுதான், திரும்ப வெளுக்காது. எங்க நாத்தனார் மூஞ்சி மாதிரி.

கடைசியாத்தான் இந்த மீட்டர். ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக் காசு. என்ஜின்ல இருக்கற ஸ்பார்க் பிளக்குக்கு அடியில வளையம் மாதிரி ஒண்ணை மாட்டிட்டா, வயர் வழியா வந்து இதுல நம்பர் தெரியும். நல்ல சாமான்ண்ணே, குறை சொல்ல மாட்டேன். ஆனா வயர் குட்டை. ஹேண்டில் வரைக்கும் எட்டல. நல்லவேளையா என்ஜின் பக்கத்துலயே ஜன்னல் கம்பி மாதிரி வரிவரியா ஒரு மூடி இருந்துச்சு. கட்டறதுக்குன்னே செஞ்ச மாதிரி. அதுல வச்சுக் கட்டிட்டேன். ஆடக்கூடாதுன்னு கீழ ஸ்பான்ஜ், மழைக்கு மேல பிளாஸ்டிக், சுத்தி டேப். சிக்னல்ல நிக்கும்போது குனிஞ்சு பார்த்துக்குவேன். பின்னாடி இருக்கறவன் ஹாரன் அடிப்பான். அடிச்சுட்டுப் போறான்.

முதல் நாள் நூத்தி முப்பது காட்டுச்சு. டேப்பெல்லாம் போட்டு முடிச்சதும் நூத்தி அறுபது. பார்த்தீங்களா, அவர் சொன்னது சரியாப் போச்சு. லேப்ல ஒரு மெஷின் ஏடாகூடமாச் சொன்னா இன்னொண்ணுல போட்டுப் பார்ப்போம். அதே மாதிரி, எண்ணெய்ச் சூடு பார்க்கற கம்பி ஒண்ணு சமையல்கட்டுல கிடந்துச்சு. அதையும் அந்த வரிக்குள்ள சொருகி, ரெண்டுக்கும் சேர்த்துப் பெரிய பிளாஸ்டிக்காப் போட்டேன். அன்னிக்கு நூத்தித் தொண்ணூறு. நான் எவ்வளவுக்கெவ்வளவு கவனமாப் பார்க்கறேனோ, அவ்வளவுக்கவ்வளவு ஏறுது...

என்ன? மீட்டர் மாட்டறதுக்கு முன்னாடியா? எட்டு வருஷமா ஒரு தடவை கூட நின்னதில்லண்ணே. ஆனா அப்ப உள்ள எவ்வளவு சூடு இருந்துச்சோ, யாருக்குத் தெரியும்? மீட்டர் இல்லையே.

ஸ்க்ரூ கீழ விழுந்துடுச்சு பாருங்க. சிரிக்கறீங்களா, இருமறீங்களா?

ஏண்ணே, டேப்பை ஏன் பிரிக்கறீங்க? பார்த்துண்ணே, சாயங்காலம் பூரா உட்கார்ந்து ஒட்டினது. ஸ்பான்ஜும் வேண்டாமா? சரி, எல்லாத்தையும் எடுத்துட்டீங்க. இப்ப எதுக்கு பேப்பரைக் கிழிக்கறீங்க? ஸ்டார்ட் பண்ணணுமா? இதோ, பண்றேன்.

அட. பேப்பர் போய் அந்த வரிமேல ஒட்டிக்குது. கையை எடுத்தாலும் விழல. உள்ள இழுக்குதா? உள்ள ஃபேனா இருக்கு?

அப்ப... அந்தக் காத்துதான் என்ஜினைக் குளிர வைக்குதா?

ஒரு மாசமா அதோட மூக்கைப் பொத்திக்கிட்டு, ஏன் உனக்கு இப்படி மூச்சு வாங்குதுன்னு கேட்டுட்டிருந்திருக்கேன்.

இருங்க, ஒரு சுத்து ஓட்டிட்டு வர்றேன். நீங்களே பின்னாடி உட்காருங்க, அந்த மீட்டரைக் கையில பிடிச்சுக்கிட்டு நம்பரைப் படிங்க. வயரு பத்திரம்... எவ்வளவு? நூத்தி நாப்பதா? இப்ப? நல்லாப் பாருங்கண்ணே, நூத்தி முப்பதா? சரி, இறங்குங்க. நாளைக்குப் பசியோட இருக்கறவங்க எனக்குச் சாபம் விட மாட்டாங்க. மேடமும் வாயைத் திறக்க மாட்டாங்க.

போன் அடிக்குது. அவர்தான். ஹலோ... ஆமா, மெக்கானிக் பார்த்துட்டாரு. ஏதோ காத்து அடைப்பாம்... யார் அடைச்சாங்களா? அதெல்லாம் கேட்கலைங்க. ரோட்டுல எவ்வளவோ குப்பை பறக்குது. வச்சுடறேன்.

நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்கண்ணே. அவர் இந்தப் பக்கம்தான் வருவாரு.

அந்தக் குப்பையெல்லாம் வீசிடுங்க. ஸ்பான்ஜ், பிளாஸ்டிக், எல்லாம். எண்ணெய்க் கம்பியை மட்டும் குடுங்க, அவர் தேடிட்டிருக்காரு. மீட்டரைத் தூக்கிப் போட்டுடாதீங்க. வயரை நீட்டி ஹேண்டில்ல கட்டிக் குடுங்க. இனிமே எதுக்கா? நல்லாக் கேட்டீங்க. சூடு இல்லைங்கறதை நான் எப்படிண்ணே தெரிஞ்சுக்கறது?